கொண்டச்சியில் ஒன்று, புத்தளத்தில் ஒன்று

மன்னாரின் முசலிப் பக்கத்துக் கொண்டச்சியிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு இந்த வாரம் பத்தி எழுதுபவரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அழைத்தவர் சிலாவத்துறைப் பக்கம் படிப்பிக்கும் இளம் ஆசிரியர், நெடுநாள் பழக்கம். வீட்டில் நாலு போன், ஒரு மடிக்கணினி, ஒரு 4ஜி ரூட்டர். போன்களில் இடம் நிறைந்துபோகவே, பத்து வருசத்துப் படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றியிருக்கிறார். ஏற்றிய கையோடு போன்களைத் துடைத்திருக்கிறார். போன கிழமை கரண்ட் போய் வந்த நேரத்தில் அந்த டிஸ்க் நாலு தரம் 'டிக், டிக்' என்று அடித்துவிட்டு அடங்கிவிட்டது.

"நானா, நான் பேக்அப் எடுத்துத்தானே வெச்சிருந்தேன்" என்றார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இங்கே கிளம்பும் கோபம் பழக்கமானதுதான். டிஸ்க்கில் போட்டுவிட்டுப் போனில் அழிப்பது பேக்அப் ஆகாது. படங்கள் ஒரு வீட்டைக் காலி செய்து இன்னொரு வீட்டில் குடியேறியிருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டு இடத்தில் இருந்தால்தான் ஒன்றுக்கு மற்றது படி. இதைச் சொல்லிச் சொல்லி இங்கே வாய் வலித்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும், ஒவ்வொரு மின்னல் காலத்திலும் இதே அழைப்பு வருகிறது.

வீட்டாரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகச் சேமிப்பில் கப்பம் கேட்கும் நச்சு மென்பொருள் புகுந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனவை போனவைதான். அமைச்சரவை அலுவலகத்தின் கடிதங்களும் அவற்றில் அடக்கம். அந்த மூன்று மாதத்துக்கு, இணைப்பிலிருந்து கழற்றி வைத்த படி எங்கும் இருக்கவில்லை. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரச தரவு நிலையம் தீப்பிடித்தபோது, அரச ஊழியர்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் 858 டெராபைட்டோடு எரிந்துபோனது. அதற்கும் வேறிடத்தில் படி இல்லை. அவ்வளவு பணமும் ஆளும் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், முசலியில் ஒரு வாத்தியார் என்ன செய்வார்?

அவர் கேட்டது எளிய உதவி. நாலு போனும் தங்கள் படங்களைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் கொட்ட வேண்டும். மாதக் கட்டணம் வேண்டாம். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவசச் சேமிப்பை நிறுத்தி, எல்லாவற்றையும் 15 ஜிபிக்குள் அடக்கச் சொன்ன நாளிலிருந்து இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுந்திருக்கிறது.

பதில் சில வீடுகளில் ரூட்டரின் முதுகிலேயே இருக்கிறது. யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்க்க வேண்டும். இருந்தால், இரண்டரை அங்குல டிஸ்க் ஒன்றைச் சொருகி, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் பகிர்வை இயக்கி, கடவுச்சொல் போட்டால், வீட்டு வைஃபையில் உள்ள எல்லாக் கருவிக்கும் அது பொதுப் பெட்டகம் ஆகிவிடும். டிஸ்க்கைப் பழைய எஃப்ஏடி-32 முறையில் வடிவமைக்கக் கூடாது. 4 ஜிபியைத் தாண்டும் கலியாண வீடியோ அதில் ஏறாது. சில ரூட்டர்களின் துளை டிஸ்க்குக்குப் போதுமான மின்சாரம் தராது. டிஸ்க் ஓடி ஓடி நிற்கும். அப்போது தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வேண்டும். இந்தப் பகிர்வுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓடுவது சாம்பா என்ற இலவச மென்பொருள். அன்ட்ரூ டிரிட்ஜல் கான்பராவில் மாணவராக இருந்த காலத்தில், 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது அது. விலை மலிந்த பெட்டிக்கும் விலை உயர்ந்த பெட்டிக்கும் உள்ளே வேலை செய்வது அநேகமாக அதே கைதான்.

கொண்டச்சி போன்ற ஊருக்கு இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. வீட்டு வைஃபைக்குள் போனிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் படம் டேட்டாவில் ஒரு எம்பியையும் தின்னாது. கோபுரத்தில் சிக்னல் இல்லாத நாளிலும் அது நடக்கும். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்து, இரவுக் கோட்டாவுக்காக நடுச்சாமம் வரை விழித்திருக்கும் வீடுகளுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

ரூட்டரில் துளை இல்லையென்றால் மூலையில் கிடக்கும் பழைய கணினியை எடுத்து ஓபன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளைப் போடலாம். ஆனால் கரண்ட் பில்லைக் கணக்குப் பார்க்க வேண்டும். 60 வாட் தின்னும் பழைய பெட்டி இரவு பகலாக ஓடினால் மாதம் 43 அலகு. வீட்டுப் பாவனை 60 அலகைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். அதே வேலையை 5 வாட்டில் செய்யும் ராஸ்பெரி பை பலகைக்கு மாதம் 4 அலகு கூட ஆகாது. பழைய கணினிதான் உண்டென்றால் அதை இரவில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு அணைக்கலாம். படங்களுக்கு அது போதும்.

கடைக்காரர் வீட்டு வலையமைப்பில் மாட்டும், இரண்டு டிஸ்க் போடும் 'நாஸ்' சேமிப்புப் பெட்டியைக் காட்டுவார். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது காப்பாற்றும் என்பார். அது உண்மை, பாதி உண்மை. ஒன்றில் தவறி அழித்தது மற்றதிலும் அந்தக் கணமே அழியும். மின்னல் அடித்தால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒரே வயரில் இருக்கின்றன. இணையத்தில் திறந்து விட்ட பெட்டிக்கு இன்னும் ஒரு ஆபத்து. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மைபுக் லைவ் வைத்திருந்த பலர், ஒரு காலை எழுந்து பார்த்தபோது வருசக்கணக்கான கோப்புகள் துடைத்துக் கிடந்தன. எங்கிருந்தோ யாரோ கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியிருந்தார்கள். ஆகவே பெட்டிக்குப் போகும் காசில் இரண்டு தனி டிஸ்க் வாங்குவது மேல். ஒன்று ரூட்டரில், மற்றது படி எடுத்ததும் கழற்றப்பட்டு, உப்புக்காற்று புகாத டப்பாவில்.

"அந்த ரெண்டாவது டிஸ்க்க எங்க வெக்கிறது, நானா?"

"அலுமாரியில."

"சரி."

"உங்கட அலுமாரியில இல்ல தம்பி. புத்தளத்து அலுமாரியில."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் டிஸ்க்கை விட்டுவிட்டு உம்மாவைப் பற்றிக் கதைத்தார். உம்மாவின் கலியாணப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. இருந்த படங்களெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. காணி உறுதியும் பிறப்புப் பதிவும் அதே பெட்டிக்குள். 1990 ஒக்டோபர் இறுதியில் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்தப் பெட்டி கொண்டச்சியிலேயே நின்றுவிட்டது. அன்று வடக்கை விட்டுப் போன ஏறத்தாழ 75,000 பேரில் மன்னாரின் முஸ்லிம்கள் பெருந்தொகை. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். 2002 போர்நிறுத்தத்தின் பின் முசலிக்குத் திரும்பிப் பார்த்த சிலர், 2007 செப்டெம்பரில் சிலாவத்துறையை இராணுவம் பிடித்த காலத்தில் மறுபடி வெளியேறினார்கள். 2009க்குப் பின் வந்தவர்களுக்குப் பல இடங்களில் வீட்டுக்குப் பதில் காடுதான் இருந்தது.

அந்த இரவு பத்தி எழுதுபவர் தூங்காமல் எடுத்து வைத்து வாசித்தது, இங்கே ஏற்கெனவே இரண்டு தரம் புகழப்பட்ட புத்தகத்தை: மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகள் பற்றி லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் எழுதிய அறிக்கை. 1902இல் வந்து, உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலோடு 'பார்' எனப்படும் சிப்பித் திட்டுகள் மேல் அலைந்து எழுதியது. இலண்டன் ரோயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பாகமாக வெளியிட்டது. முத்து எப்படி உருவாகிறது என்று அவர் சொன்னது பின்னால் நிற்கவில்லை. நாடாப்புழுவின் முட்டைப்புழுவைக் காரணம் காட்டியிருந்தார். ஆனால் பெரிய பார், செவல் பார், மோதரகம் என்று இந்தக் கரைக்காரர் கடலுக்கு வைத்த பெயர்களெல்லாம் அதில் பத்திரமாக இருக்கின்றன. ஆழம், அடிமணல், சிப்பியின் வயது, கூட வாழும் கடற்பஞ்சு வரை இருக்கின்றன. அதே காலத்தில், 1905இல் நடந்த முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல் என்ற கணக்கும் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1803இல், கப்டன் ரொபர்ட் பெர்சிவல் தன் இலங்கை நூலில் கொண்டச்சிக் குடாவை எழுதினார்: ஆளில்லாத மணற்கரை முத்துக்குளிப்புக் காலத்தில் மட்டும் பல மொழி பேசும் நகரமாகிவிடுவதை.

இந்தப் புத்தகங்களை இன்று கொண்டச்சிக் கரையில் உட்கார்ந்து போனில் காசில்லாமல் வாசிக்கலாம். அச்சிட்ட படிகள் இலண்டனிலும் கொழும்பிலும் அமெரிக்க நூலகங்களிலும் போய் உட்கார்ந்தன. எங்கோ ஒன்றை யாரோ ஸ்கேன் செய்தார்கள். ஆகவே ஒரு சிப்பியின் வயிற்றில் எத்தனை புழு இருந்தது என்பது 120 வருசம் கடந்தும் தெரிகிறது. அதே கரையில் 1980களில் நடந்த ஒரு கலியாணத்தில் மணப்பெண் எப்படி இருந்தாள் என்பது அவள் பிள்ளைக்குத் தெரியவில்லை. எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி இங்கே பல முறை எழுதியாயிற்று. தகரப் பெட்டிகளைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது பெரிய குறை.

படி எடுத்து வேறிடத்தில் வைக்கும் அறிவு இந்த மண்ணுக்குப் புதிதாக வந்ததும் அல்ல. இலங்கையில் ஒரு நொத்தாரிசு காணி உறுதி எழுதினால் அது மூன்றாகிறது. மூலம் காணிக்காரர் கையில். ஒரு படி நொத்தாரிசின் ஏட்டில். இன்னொன்று மாதாந்தப் பட்டியலோடு காணிப் பதிவகத்துக்கு. மூன்று படி, இரண்டு வகைச் சேமிப்பு ஊடகம், ஒன்று ஊருக்கு வெளியே என்று கணினிக்காரர்கள் இப்போது ஓதும் மந்திரத்தின் சாரத்தை நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் எப்போதோ கட்டாயமாக்கிவிட்டது. தகரப் பெட்டி போனாலும் பதிவகத்தில் தேடலாம். தேட உறுதியின் இலக்கம் வேண்டும், திகதி வேண்டும், நொத்தாரிசின் பெயர் வேண்டும். அவையும் பெட்டிக்குள்தான் இருந்தன.

முசலித் தெற்கில் 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கக் காணிகளைக் காடாக எல்லையிட்டன. அவற்றுக்குள் தங்கள் பழைய காணியும் போய்விட்டது என்று மக்கள் வருசக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். போரினால் உரிமை கோர முடியாமற்போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடு) சட்டம் வந்தது. அவர்கள் இல்லாத காலத்தில் பிறர் அனுபவித்ததைக் காரணம் காட்டிக் காணியைப் பறிக்கக் கூடாது என்பதற்காக. சட்டம் நல்லது. அதன் கதவைத் தட்டவும் ஒரு காகிதத்தின் நிழலாவது கையில் இருக்க வேண்டியிருந்தது.

அதனால் ஆசிரியருக்குச் சொன்ன வரிசை இதுதான். டிஸ்க் வந்ததும் முதலில் ஏற வேண்டியது படங்கள் அல்ல. மீண்டு வந்தபின் பெற்ற உறுதி, பேர்மிட், குடும்ப அட்டை, பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, பரீட்சைச் சான்றிதழ்: ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில், இலக்கமும் முத்திரையும் தெரிய, இருபக்கமும் படம் எடுக்க வேண்டும். இந்தப் படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் எந்தக் கந்தோரில் எந்த இலக்கத்தைக் கேட்க வேண்டும் என்று அது சொல்லும். டிஸ்க் தொலைந்தால் பிறர் கையில் போகாமல் அந்தக் கோப்புறையைக் கடவுச்சொல்லால் பூட்ட வேண்டும். அந்தக் கடவுச்சொல் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு முசலியின் குடும்பங்களிடம் கொழும்புக்காரரிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பலருக்கு இரண்டு ஊர். பாதிக் குடும்பம் திரும்பியிருக்கும்; மற்றப் பாதி பிள்ளைகளின் படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ புத்தளத்திலேயே நிற்கும். இடம்பெயர்வு உண்டாக்கிய இந்தப் பிளவே இப்போது இரண்டாவது படிக்கு இடம் தருகிறது. மின்னலும் வெள்ளமும் இரண்டு ஊரையும் ஒரே நாளில் எடுத்துப் போவது அரிது.

நேற்று ஆசிரியர் திரும்ப அழைத்தார். செத்த டிஸ்க்கைக் கொழும்பில் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார், வருமோ வராதோ. புதிதாக இரண்டு வாங்கியாயிற்று. ரூட்டரில் ஒன்று ஓடுகிறது. அதையும் ரூட்டரையும் சின்ன யுபிஎஸ் ஒன்றில் மாட்டியிருக்கிறார். நோன்புப் பெருநாளுக்கு மற்றதைப் பையில் வைத்து, மதவாச்சி, அனுராதபுரம் சுற்றிப் போகும் பஸ்ஸில் புத்தளத்துக்குக் கொண்டுபோவார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அது கொண்டச்சிக்கு வரும், கொண்டச்சியில் ஓடியது புத்தளம் போகும். மார்க்கர் பேனையால் இரண்டிலும் ஊர்ப்பெயர் எழுத நினைத்தாராம். ஊர் மாறிக்கொண்டே இருக்குமே என்று தங்கச்சி சொல்லியிருக்கிறாள். அதனால் ஒன்றில் உம்மாவின் பெயரையும் மற்றதில் வாப்பாவின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்.