வீழ்ந்த கழகமும் எமது நம்பிக்கையும்

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின்பால் அன்புடையோரை நகையாடாதார் இக்காலத்து அரியர். 2024-25-ஆம் ஆண்டு ஆட்டங்களில் அக்கழகம் 20 கழகங்களுள் 15-ஆம் இடத்திற்கு இறங்கிற்று. பில்பாவோ நகரில் நிகழ்ந்த ஐரோப்பா லீக் இறுதியாட்டத்திலும் தோற்றது. உண்மையே. ஆயினும் நாம் மனந்தளர்ந்தோமல்லோம்.

1958-இல் நேர்ந்த மியூனிக் விமான விபத்தால் அதன் ஆட்டக்காரர் எண்மர் மாண்டனர். பெரும்பாலோர் 25 ஆண்டும் நிரம்பாதவர். பத்தாண்டு கழிந்து, அவ்விபத்தினின்றும் உயிர்தப்பிய மாட் பஸ்பியின் பயிற்சியிலேயே அக்கழகம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அவரைப்போலவே உயிர்தப்பிய பாபி சார்ல்ட்டன் அன்று இரண்டு கோல் அடித்தார்.

1989-90-இல் 13-ஆம் இடம். அலெக்ஸ் பெர்குசனை நீக்குகவென்று கூக்குரலிட்டோர் பலர். நிருவாகத்தார் பொறுத்தனர், 1993-இல், 26 ஆண்டுகளுக்குப் பின், லீக் பட்டம் மீண்டது. 2013-இல் அவர் ஓய்வுபெற்றபின் வந்தவரையோ ஓராண்டு நிறையுமுன்னரே அனுப்பிவிட்டனர்! இவ்வவசரமே நோய், பொருட்குறையன்று.

விலைகொடுத்து வாங்கிய புகழாளரை நம்பி நாம் இதனைக் கூறுகின்றோமல்லோம். தன் இளையோர் பயிற்சியில் வளர்ந்த ஒருவரேனுமில்லாத குழுவை அக்கழகம் 1937 முதல் களத்திற்கு அனுப்பியதில்லை. 2024-இல் எப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த கோபி மைனூ அங்ஙனம் வளர்ந்தவரே. அப்பொழுது அவர்க்கு வயது 19. எமது வகுப்பில் அமரத்தக்க வயது.