காணியில்லாப் பங்கு

காணி விடயத்திலே யாழ்ப்பாணத்தவராகிய நாம் எவரையும் எளிதில் நம்புவதில்லை. எல்லைக் கதியால் ஒரு சாண் நகர்ந்தது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நகைப்புக்குரிய செய்திதான், ஆயினும் அப்பிடிவாதத்திலே ஓர் அறிவும் இருந்தது என்பதை அண்மையில் உணர்ந்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற வாரம் ஒரு துண்டுப்பிரசுரத்துடன் என்னிடம் வந்தார். எங்கோ தொலைவிலே பெருநிலம் வாங்கி, பலருக்கும் பங்கு கொடுத்து, விலையேற்றத்தில் ஆதாயம் தருவதாக அதில் அச்சிட்டிருந்தது. பணிக்கொடைப் பணம் அவரிடம் இருக்கிறது. "தம்பி, போடலாமோ?" என்றார்.

நான் அவருக்கு இந்தியாவின் பி.ஏ.சி.எல். நிறுவனத்தின் கதையைச் சொன்னேன். 1996ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் பதிவான அந்நிறுவனம், விவசாய நிலம் வாங்கித் திருத்தித் தருவதாகக் கூறித் தவணை முறையில் பணம் திரட்டியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் வரை அதன் முகவர்கள் சென்றார்கள். ஒவ்வொரு தவணையிலும் அவர்களுக்குத் தரகு உண்டு. பணம் கட்டியவர் கையிலே ஓர் ஒப்பந்தத் தாள் இருந்தது. நிலத்தின் பரப்பளவு அதில் எழுதப்பட்டிருந்தது. அந்நிலம் எங்கே இருக்கிறது என்பதுதான் இல்லை.

"அங்கே அரசாங்கம் பார்த்துக்கொண்டோ இருந்தது?" என்று கேட்டார் ஆசிரியர். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. முதலீட்டாளரைக் காக்கும் அமைப்பாகிய செபி 1999இலேயே அறிவித்தல் கொடுத்தது. தாம் செய்வது கூட்டு முதலீடன்று, வெறும் நில விற்பனையே என்று நிறுவனம் வாதாடியது. 2003இல் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது 2013இலே. இடையிட்ட பத்தாண்டுகளும் தவணைப் பணம் சேர்ந்துகொண்டே இருந்தது. 2014 ஓகஸ்டில் செபி தன் கட்டளையைப் பிறப்பித்தபோது, திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை 49,100 கோடி இந்திய ரூபா. பணம் செலுத்தியோர் 5 கோடியே 85 இலட்சம் பேர். அவர்களுள் 4 கோடியே 63 இலட்சம் பேருக்கு நிலமே ஒதுக்கப்பட்டிருக்கவில்லை!

2016இல் முன்னாள் தலைமை நீதியரசர் லோதாவின் தலைமையிலே ஒரு குழு அமைந்தது. நிலங்களோ பல துணை நிறுவனங்களின் பெயரிலே சிதறிக் கிடந்தன. சிறு தொகை செலுத்தியோரிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பணம் திரும்பியது. எனினும் உரியவரைச் சேர்ந்தது அப்பெருந்தொகையின் சிறு பகுதியே.

நம் நாடு மாத்திரம் விலக்கோ? ஆங்கிலம் கற்பித்து நாடறிந்த சக்வித்தி ரணசிங்க, வீடு கட்டும் நிறுவனத்தின் பெயரால் வைப்புப் பணம் பெற்று 2008இல் தலைமறைவாகி, 2010இல் கைதானார். "அவரும் வாத்தியாரோ?" என்று நண்பர் சற்றே வருந்தினார்.

பங்கு என்னும் சொல்லே நம்மை மயக்குகிறது என்று எண்ணுகிறேன். என் சிறுவயதிலே எங்கள் வளவுக்கு நான்கு பங்குக் கிணறு ஒன்றிருந்தது. இறைப்பு முறை யாருக்கு எந்த நாள் என்பது குழந்தைக்கும் தெரியும். பங்காளியோடு பேச்சில்லாத காலத்திலும் அவர் முகம் தெரியும்; வாளி போடும் ஓசையிலேயே ஆளைச் சொல்வோம். ஒருவர் தம் பங்கை விற்பதாயின், உடன்பங்காளருக்கே அதை முதலில் வாங்கும் உரிமை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமையில் அவ்வுரிமை இருந்தது. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அதனைக் காத்தது. அது மட்டுமன்று, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இன்றிக் காணி கைமாறாது. பற்றுச்சீட்டும் வண்ணத்தாளும் எத்தனை இருந்தாலும், கொடுத்த பணம் ஈடில்லாத கடனே. அந்தக் கடனுக்குத்தான் நாம் காணி என்று பெயரிட்டு மனநிறைவு கொள்கிறோம்.

துண்டுப்பிரசுரத்தை ஆசிரியர் மறுபடியும் வாசித்தார். "நாலு எல்லையும் போடவில்லை" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறுதியின் இலக்கத்தைக் கேட்டு எழுதப்போவதாகச் சொன்னார். அது வந்தால் காணிப் பதிவகத்துக்கு நானும் உடன் வருவதாகக் கூறியிருக்கிறேன்.