பேச்சு ஓயுமிடத்துப் பாட்டு

நாடகத்திலே பாத்திரங்கள் ஏன் பாட வேண்டும் என்று வினவாத மாணவர் இலர். உயிர் பிரியுந் தறுவாயில் உள்ளவன் எழுந்திருந்து இராகம் இழுப்பதைக் கண்டு நகைத்தவர் நம்முட் பலர். உலக வாழ்க்கையில் எவரும் பாட்டாற் பேசுவதில்லை. ஆதலின் இசை நாடகம் பொய்ம்மை உடையது என்பது அவர்தம் வழக்கு. அவ்வழக்கு எத்துணை உண்மையுடையது என்பதை இங்கு ஆராய்வோம்.

சென்ற விடுமுறையில் இலண்டன் மாநகரிலே வாழும் பள்ளித் தோழர் ஒருவரின் இல்லத்திற் பத்து நாள் தங்கினேன். இருவரும் இளமை தொட்டே நாடகப் பித்தர்கள். ஆயினும் கொள்கையில் எதிரெதிரானவர்கள். "பாட்டு வந்தது, கதை படுத்தது" என்பது அவர் வாய்பாடு. யானோ கோயில் வீதியில் விடிய விடிய இசை நாடகம் பார்த்துப் பழகியவன். அந்நகரின் 'வெஸ்ற் என்ட்' என்னும் நாடகப் பகுதியிலே இசை நாடகங்கள் சிலவற்றைக் கண்டு எம் பிணக்கைத் தீர்த்துக்கொள்வதென உடன்பட்டோம். எமக்கு வாய்த்த இருக்கைகள் மேல்மாடத்தின் கடைசி வரிசையில் இருந்தன. மேடை கைக்குட்டையளவே தெரிந்தது. ஆயினும் செவிக்குக் குறைவில்லை.

முதலிற் கண்டது 'லே மிசெராப்'. விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட அப்பெருங்கதை தமிழர்க்குப் புதிதன்று. கவியோகி சுத்தானந்த பாரதியார் அதனை 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கினார். 1950இல் அப்பெயராலேயே நாகையா நடித்த திரைப்படமும் வந்தது. இசை நாடகமாக அது 1980இற் பாரிசிலும், 1985இல் ஆங்கில வடிவில் இலண்டனிலும் அரங்கேறிற்று. இலண்டனிலே விமரிசகர் பலர் குறை கூறினர்; பொதுமக்களோ கைவிட்டாரல்லர்.

அதன் முற்பாதி முடியுமிடம் கருதத்தக்கது. 1832ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு முன்னிரவு. வல்ஜான் ஊரை விட்டு நீங்க எண்ணுகிறான். காதலர் பிரிவை எண்ணி வருந்துகின்றனர். மாணவர் போருக்கு எழுகின்றனர். காவல் அதிகாரி அவர்களைப் பிடிக்கச் சூழ்கிறான். சத்திரக்காரனும் மனைவியும் கொள்ளைக்குக் காத்திருக்கின்றனர். இவரனைவரும் தத்தம் நெஞ்சிலுள்ளதை ஒரே வேளையிற் பாடுகின்றனர். பலர் ஒருங்கே பேசினால் அது சந்தையாகும். ஒருங்கே பாடினாலோ ஒரு நகரத்தின் இதயத்துடிப்பு நமக்குக் கேட்கிறது. நண்பர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பின்னர், "இதனை வசனத்திலே எழுதினால் அரைமணி நேரம் செல்லும், அப்போதும் இது வராது" என்றார்.

அடுத்துக் கண்டது 1986 முதல் அந்நகரில் நடைபெறும் 'ஒப்பெரா மாளிகைப் பூதம்'. அதற்கு இடமளித்துள்ள அரசியார் அரங்கு 2023இல் அரசர் அரங்கு எனப் பெயர் மாறியது. முற்பாதி முடிவில் விதானத்திலிருந்து பெருஞ்சரவிளக்கு வீழ்ந்தபோது, "இது நாடகமோ, கண்காட்சியோ? நீரே சொல்லும்" என நண்பர் நகைத்தார். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. எனினும், முகம் விகாரமான ஒருவன் மறைந்திருந்து தன் இசையாலன்றோ அப்பெண்ணை ஈர்க்கிறான்! பாட்டை நீக்கினால் அக்கதைக்கு உயிரே இல்லை.

முற்காலத்து அமெரிக்க இசை நாடகங்களிலே பாட்டுப் பெரும்பாலும் கதைமேல் ஒட்டிய அலங்காரமாகவே இருந்தது. 1927இல் 'ஷோ போட்', 1943இல் 'ஒக்லஹோமா' ஆகியவை பாட்டும் கதையும் பிரிக்கவொண்ணாதபடி அமைந்து வழிகாட்டின. ஆகவே நண்பரின் குற்றச்சாட்டு இசை நாடகம் முழுமைக்கும் உரியதன்று. பாட்டைத் தகாத இடத்தில் வைப்பவர்க்கே உரியது.

நம் நாட்டு மேடைக்கும் இது பொருந்தும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த மரபிலே, நடிகமணி வைரமுத்து (1924–1989) யாழ்ப்பாணத்தில் நடித்துப் புகழ் கொண்ட மயான காண்டத்தை நினைமின். மகன் உடலோடு நிற்கும் தாய் ஒருபுறம். சுடலைக்குரிய கட்டணம் கேட்கும் காவலன் மறுபுறம். அவர்தம் வாதத்தை விருத்தமன்றி வேறெது தாங்கும்? ஆனால் அதே மேடையிற் கைதட்டலுக்காக ஒருவர் ஆலாபனையை நீட்டும்போது, சந்திரமதியின் துயர் அங்கே தவித்து நிற்கிறது.

மாணவர்க்கு ஓர் உரைகல் தருவேன். பாட்டை நீக்கிப் பாருங்கள். கதை அசையாமல் நின்றால் அப்பாட்டு வெறும் அணி. கதை சரிந்தால் அதுவே நாடகம்.

மற்றொன்றும் சொல்லல் வேண்டும். இலண்டன் நடிகர் வாரத்துக்கு எட்டு முறை, வாத்தியக் குழுவினர் உடன் வாசிக்க, தம் குரலாற் பாடுகின்றனர். நம் கல்லூரி மேடைகள் சிலவற்றிலோ, நன்றாகப் பாடவல்ல பிள்ளைகள் இருந்தும், பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டு வாயசைக்கும் வழக்கம் புகுந்துவிட்டது. பிழை நேராது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். பிழை நேராதுதான், உயிரும் நேராது. நடுங்கும் குரலாயினும் பிள்ளையின் சொந்தக் குரல் அவையின் நெஞ்சைத் தொடும். ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மேடையோரம் மீண்டும் இருத்தி, அவர்களைப் பாடவிடுவோம். இவ்வொன்றில் நண்பர்க்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இல்லை.