சாலையில் சலிப்பா?

சிரம்பானிலிருந்து லாபு, ரந்தாவ், சிலியாவ் என எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஓட்டுநரை வரவேற்பவை செம்பனை மரங்களே. இடப்பக்கம் செம்பனை, வலப்பக்கமும் செம்பனை. வளைவைத் தாண்டினால் புதிய காட்சி கிடைக்கும் என்று ஆவலோடு பார்த்தால், அங்கும் அதே மரங்கள் அணிவகுத்து நிற்கும்.

தோட்டத்திலேயே வேலை செய்த தலைமுறைக்கு இந்தச் சலிப்பு இல்லை. நடந்தோ, மிதிவண்டியிலோ, தோட்ட லோரியில் நெருக்கியடித்து நின்றோ வேலைக்காட்டுக்குச் சென்றவர்களுக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இன்று அவர்களின் பிள்ளைகள் நீலாய், செனாவாங் தொழிற்சாலைகளுக்கும், 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையத்துக்கும் தனித்தனியே வண்டி ஓட்டிச் செல்கிறார்கள். காரில் நான்கு இருக்கைகள் காலி; கொட்டாவிக்கு மட்டும் குறைவில்லை.

சலிப்பைப் போக்கப் பலரும் கையாளும் வழிகள் வேடிக்கையானவை. ஒருவர் வானொலியின் ஒலியைக் கூட்டி, பாடகரைவிட உரக்கப் பாடுகிறார். இன்னொருவர் முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள்கிறார். வேலையிடம் சேரும்முன் பொட்டலம் காலி, சட்டையெல்லாம் தூள். இவர்களையாவது மன்னித்துவிடலாம். மூன்றாமவர் கைப்பேசியை எடுக்கிறார். சிரிப்பு அங்கே நின்றுவிட வேண்டும்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் 25 மீட்டரைக் கடக்கிறது. செம்பனைகள் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடப்படுகின்றன. ஆகவே, குறுஞ்செய்தியை இரண்டு நொடி பார்ப்பவர் 5 மரங்களையாவது பார்க்காமலேயே கடந்துவிடுகிறார். மரம் பொறுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தோட்டச் சாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வெளிவரும் இளைஞனின் கதி என்ன? மலேசியச் சாலைகளில் 2023ஆம் ஆண்டில் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

அப்படியானால் சலிப்புக்கு மருந்து என்ன? கண் சாலையை விட்டு விலகாமல் மனத்துக்கு வேலை கொடுப்பதே. அதற்குப் பேச்சுத் துணையைவிடச் சிறந்தது வேறில்லை. ஒரே இடத்தில் வேலை செய்யும் அண்டை வீட்டார் ஒரே வண்டியில் செல்லலாம். எண்ணெய்ச் செலவும் குறையும். பேச்சும் கவனத்தைச் சிதறடிக்காதா எனச் சிலர் கேட்கலாம். அருகில் இருப்பவரும் சாலையைப் பார்க்கிறார். முன்னால் லோரி திரும்பினால் அவரே பேச்சை நிறுத்திக்கொள்வார். கைப்பேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு அந்த லோரி தெரியாது.

பிள்ளைகள் உடன் வந்தால் வாகன எண் விளையாட்டு இருக்கிறது. ‘என்’ என்றால் நெகிரி செம்பிலான், ‘பி’ சிலாங்கூர், ‘எம்’ மலாக்கா, ‘ஜே’ ஜொகூர். ‘செம்பிலான்’ என்றால் ஒன்பது அல்லவா? இலக்கங்களைக் கூட்டினால் 9 வரும் வண்டியைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு புள்ளி. ஓட்டுநர் ஆட்டத்தில் சேரக்கூடாது. அவருக்கு நடுவர் பதவியும் வேண்டாம். தாத்தா பாட்டி உடன் வந்தால், கடந்து செல்லும் தோட்டங்களின் பழங்கதைகளே போதும்.

கண் சொருகத் தொடங்கிவிட்டால் இவை எதுவும் உதவா. வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சற்று உறங்குவதே வழி. தாமதமாக வந்தவரை மேலாளர் திட்டலாம். திட்டு வாங்கவும் ஆள் இருக்க வேண்டுமே!