சம்பளம் பெரிது, மிச்சம் சிறிது

சென்னைக்குப் போனால்தான் முன்னேற முடியும் என்பதை நம் வீடுகள் கேள்வியே கேட்காமல் நம்புகின்றன. மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை என்றால் பெண் வீட்டில் மதிப்பு கூடுகிறது. இந்த நம்பிக்கை தப்புக் கணக்கின் மேல் நிற்கிறது. சம்பளத்தைப் பார்க்கிறோம், மாதக் கடைசியில் கையில் நிற்பதைப் பார்ப்பதில்லை. முன்பணத்துக்குப் பொது வரம்பு மூன்று மாத வாடகை என்று 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வகுத்த பிறகும், அதற்கு மேல் கேட்கும் வீட்டுக்காரர்கள் ஏராளம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சப்மீட்டர் வைத்து வீட்டுக்காரரே விலை சொல்லும் கரண்ட், கோடையில் தண்ணீர் லாரிக்குப் பங்கு என்று பட்டியல் நீள்கிறது. சம்பளம் ஏறுகிற ஊரில் ஆட்கள் சேர்கிறார்கள். நிலம் மட்டும் கூடுவதில்லை. அதனால் உயர்ந்த சம்பளத்தில் பெரும்பங்கு வாடகையாக மனைக்காரர் கைக்கே போகிறது. வாடகைக்குப் பயந்து கூடுவாஞ்சேரிக்கும் திருநின்றவூருக்கும் தள்ளிப் போனவர்கள் மின்சார ரயிலில் நின்றுகொண்டே கழிக்கும் நேரத்துக்கு எந்தக் கம்பெனியும் சம்பளம் தருவதில்லை. இவ்வளவு செலவழித்தும் அடிப்படை வசதிக்கே உறுதியில்லை: 2015இல் வெள்ளத்தில் மூழ்கிய இதே நகரத்துக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

நகரம் சாதியிலிருந்து விடுதலை தருகிறது என்பார்கள். இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது; கிராமத்தைக் கொண்டாடுவோரை அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையிலேயே கடுமையாக மறுத்தார். டீக்கடையிலும் பேருந்திலும் யாரென்று கேட்கப்படாமல் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனால் வீடு கேட்கும்போது ‘சைவம் மட்டும்’ என்ற பெயரில் அதே கேள்வி வருகிறது. கூவம், அடையாற்றங்கரைக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அப்புறப்படுத்தியதும் இந்த நகரம்தான். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்பது அங்குள்ள இளைஞர்களின் நீண்டகாலக் குமுறல்.

மேலும், சென்னையை விட்டால் கிராமம்தான் என்பதே பொய். பனியனில் திருப்பூரும், வீட்டு உபயோகத் துணியில் கரூரும், லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லும் தலைநகரத்தின் தயவில் வளரவில்லை. மென்பொருளுக்குப் பெருநகரம் வேண்டும் என்றார்கள். ஆனால் 2011இலேயே தென்காசி அருகே மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ அலுவலகம் திறந்தது. நல்ல மருத்துவமனையும் கல்லூரியும் சென்னையில்தானே என்று கேட்டால், அவற்றை அங்கே குவித்தது இயற்கையல்ல, அரசின் முடிவு. வேலைகளும் அப்படித்தான்: விழுப்புரத்தில் தகவல் தொழில்நுட்பத்துக்கான மினி டைடல் பூங்கா வர 2024 ஆனது. அந்தத் தாமதத்துக்கு அரசைக் கேள்வி கேட்காமல், பிள்ளைகளைப் பெட்டியோடு எழும்பூருக்கு ரயிலேற்றி அனுப்புகிறோம்.