கழுகு எண்ணுறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?

யாரோ ஒரு விஞ்ஞானி பத்து வருஷமா பல்லியோட எச்சிலை ஆராய்ச்சி பண்றார்னு ஒரு செய்தி வந்தா போதும், நம்ம மக்கள் கொதிச்சு எழுந்துடுவாங்க. "இதுக்கெல்லாமா சார் வரிப்பணம்? புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கறதை விட்டுட்டு..." அப்படின்னு ஆரம்பிச்சு, இந்த நாடு எப்படி உருப்படும்ங்கிற இடத்துல போய்த்தான் நிப்பாங்க. இதுல முன்வரிசை யாருன்னா, என்னை மாதிரி எஞ்சினியரிங் முடிச்சிட்டு பொட்டி தட்டுற கூட்டம்தான். எதை எடுத்தாலும் "அப்ளிகேஷன் என்ன?"ன்னு கேட்டே நமக்குப் பழக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வைவாவுல நம்மளை அப்படிக் கேட்டுக் குடைஞ்சாங்க இல்ல, அந்தக் கடுப்பு :-)

என்னைக் கேட்டா அந்தக் கேள்வியே தப்பு. "இதனால என்ன பிரயோஜனம்?"னு ஒரு ஆய்வைத் தனியா நிக்க வெச்சுக் கேட்டா, அதைச் செய்யறவருக்கே பல நேரம் பதில் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. ஏன்னு சொல்றதுக்கு ஒரு கதை இருக்கு. கொஞ்சம் நீளம், டீ கையோட வந்து உக்காருங்க.

கழுகுன்னா நமக்கு ஜடாயு ஞாபகம் வரும், இல்லேன்னா திருக்கழுக்குன்றம். நான் சொல்லப்போறது பிணந்தின்னிக் கழுகு. தமிழ்ல 'பாறு'ன்னு பழைய பேர் ஒண்ணு உண்டு. திருக்கழுக்குன்றத்துல சோறு சாப்பிட வந்துட்டிருந்ததும் ஒரு வகைப் பாறுதான். இந்தக் கதையோட நாயகன் அதுக்கு உறவுக்காரன், வெண்முதுகுப் பாறு. 1980கள்ல இந்தியாவுல இது காக்கா மாதிரி சர்வ சாதாரணம். ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டா, ஒரு கூட்டம் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள்ள எலும்பை மட்டும் விட்டுட்டுப் போயிடும். சம்பளம் இல்லாத முனிசிபாலிட்டி!

அந்தக் காலத்துல ராஜஸ்தான் பரத்பூர்ல இருக்கற கேவலாதேவ் தேசியப் பூங்காவுல விபு பிரகாஷ்னு ஒருத்தர் இரைகொல்லிப் பறவைகளைப் பத்தி ஆய்வு பண்ணிட்டிருந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்தவர். 1987-88ல அங்க வெண்முதுகுப் பாறுக்கு 353 கூடுகள்னு கணக்கு எழுதி வெச்சார். யோசிச்சுப் பாருங்க. எங்க பார்த்தாலும் இருக்கற ஒரு பறவையோட கூட்டை மரம் மரமா அண்ணாந்து பார்த்து எண்ணிட்டிருக்கார். அன்னைக்கு யாராவது போய் "சார், இதுக்கு அப்ளிகேஷன் என்ன?"ன்னு கேட்டிருந்தா அவர் என்னத்தைச் சொல்லியிருப்பார்?

1996-97ல மறுபடி எண்ணினப்ப 150தான் இருந்தது. மரத்தடியில செத்த கழுகுகள். உயிரோட இருந்ததும் கழுத்து தொங்கிப் போய் உக்காந்திருந்தது. 2003ல அந்தப் பூங்காவுல ஒரு கூடு கூட இல்லை. நாடு முழுக்க எடுத்த கணக்குப்படி 1992க்கும் 2007க்கும் நடுவுல இந்தப் பறவை 99.9 சதவீதம் காலி. ஆயிரத்துக்கு ஒண்ணு மிச்சம்.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். அந்த 353ங்கிற பழைய எண் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்? "முன்னெல்லாம் நிறைய இருக்கும்பா, இப்ப காணோம்"னு பெருசுங்க திண்ணையில பேசறதோட முடிஞ்சிருக்கும். சிட்டுக்குருவி காணாமப் போச்சுன்னு நாம புலம்பற மாதிரி. நம்ம பாஷையில சொன்னா, பழைய லாக் ஃபைல் இல்லாம ப்ரொடக்ஷன்ல பக் தேடற கதை.

சரி, ஏன் சாகுது? முதல்ல எல்லாரும் ஏதோ தொற்றுநோய்னுதான் நினைச்சாங்க. பாகிஸ்தான் பஞ்சாப்ல, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை நுண்ணுயிரியல்காரர் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையில ஒரு குழு செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தது. நிறைய கழுகுகளுக்கு சிறுநீரகம் செயலிழந்து, உள் உறுப்புகள் மேல சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம் படிஞ்சிருந்தது. வைரஸ் பார்த்தாங்க, இல்லை. பூச்சிக்கொல்லி பார்த்தாங்க, இல்லை. ஈயம், பாதரசம் மாதிரி உலோகங்களும் இல்லை.

அப்புறம்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டாங்க. கழுகு திங்கறது செத்த மாட்டை. அந்த மாட்டுக்கு நாம என்ன கொடுக்கறோம்? கால்நடை மருத்துவர்கள்கிட்டயும் மருந்துக் கடைகள்லயும் போய் என்னென்ன விக்குதுன்னு விசாரிச்சாங்க. புதுசா புழக்கத்துக்கு வந்தது, பரவலா விக்கறது, சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியதுன்னு சலிச்சு எடுத்தா ஒரே மருந்துதான் கையில நின்னுது. டைக்ளோஃபெனாக். அதேதாங்க, மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் நம்ம வீட்டு மருந்து டப்பாவுல கிடக்கற அதே சமாச்சாரம். 1990கள்ல இது மலிவாகி மாட்டு வைத்தியத்துக்கு வந்திருந்தது.

சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 கழுகுகளைச் சோதிச்சாங்க. 25லயும் டைக்ளோஃபெனாக். வேற காரணத்தால செத்த 13ஐச் சோதிச்சாங்க. ஒண்ணுல கூட இல்லை. 2004ல நேச்சர் இதழ்ல வந்தது. இன்னொரு குழு கணக்குப் போட்டு, நூறு மாட்டுப் பிணத்துல ஒண்ணுல கூட முழுசா மருந்து இருக்க வேண்டாம், அதுக்கும் குறைவா இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவுக்குப் போதும்னு காட்டினாங்க. ஒரே பிணத்துல கூட்டமா உக்காந்து திங்கற பறவை இல்லையா!

சரி, மருந்தை நிறுத்துன்னா விவசாயி என்ன பண்ணுவான், மாடு வலியில துடிக்கறதை வேடிக்கை பார்ப்பானா? மாத்து மருந்து வேணும். அதுக்கு உலகம் பூரா உயிர்க்காட்சிச் சாலை மருத்துவர்கள்கிட்ட, உங்ககிட்ட இருக்கற கழுகுகளுக்கு எந்த வலி மருந்து கொடுத்தீங்க, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டுத் திரட்டினாங்க. மெலாக்சிகாம் தேறிச்சு. அதைத் தனியா சோதிச்சும் பார்த்தாங்க. 2006ல இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூணும் மாட்டு வைத்தியத்துக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செஞ்சது.

இதோட முடிஞ்சா இது பறவைப் பிரியர்கள் கதை. இனிமேதான் நம்ம கதை.

கழுகு இல்லேன்னா செத்த மாடு அங்கயே கிடந்து அழுகும். நாய் பெருகும், நாய்க்கடி பெருகும், அழுகினது தண்ணியில கலக்கும். எல்லாரும் வாயால சொல்லிட்டிருந்ததுதான். எயல் ஃப்ராங்க், அனந்த் சுதர்ஷன்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை எண்ணாவே போட்டுப் பார்த்தாங்க. கழுகு முன்னாடி நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும், எப்பவுமே அதிகம் இல்லாத மாவட்டங்களையும் எடுத்து, மருந்து மலிவானதுக்கு முன்னாடி, பின்னாடின்னு மனுஷங்க இறப்பு விகிதத்தை ஒப்பிட்டாங்க. கழுகு வாழ்ந்த மாவட்டங்கள்ல இறப்பு 4 சதவீதத்துக்கு மேல கூடியிருந்தது. 2000லேர்ந்து 2005 வரைக்கும் மட்டும் சுமார் 5 லட்சம் கூடுதல் சாவுகள்னு அவங்க மதிப்பீடு. 2024ல அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவுல வந்திருக்கு.

அஞ்சு லட்சம் பேர். கழுகு இல்லாததால. வேற யாராவது சொல்லியிருந்தா "போய்யா, கதை விடாதே"ன்னு சிரிச்சிருப்போம்.

இப்ப தலையை எண்ணுவோம். கூடு எண்ணினவர் பறவையியல். அறுத்துப் பார்த்தது கால்நடை நோயியல். மருந்தோட தடயத்தைப் பிடிச்சது வேதியியல். எத்தனை பிணம் போதும்னு சொன்னது கணக்கு. மாத்து மருந்துக்கு வழி காட்டினது மிருகக்காட்சி சாலை டாக்டர்களோட பழைய பதிவேடு. மனுஷ உயிருக்குக் கணக்கு போட்டது பொருளாதாரம். இதுல ஒரு துறையை உருவினாலும் சங்கிலி அறுந்துடும். 1987ல இவங்கள்ல ஒருத்தருக்கும் மத்தவங்க தேவைப்படுவாங்கன்னு தெரியாது. அறிவியல், சுற்றுச்சூழல், சுகாதாரம்னு நாமதான் தனித்தனி டிபார்ட்மென்ட் போட்டு போர்டு மாட்டி வெச்சிருக்கோம். மாட்டுக்குப் போட்ட ஊசிக்கு அந்த போர்டைப் படிக்கத் தெரியல.

நம்ம தொழில்லயே இதுக்கு உதாரணம் இருக்கு. 2016ல லெஃப்ட்-பேட்னு ஒரு பதினோரு வரி நிரலை எழுதினவர் கோவிச்சுக்கிட்டு இணையத்துலேர்ந்து தூக்கிட்டார். பெரிய பெரிய கம்பெனிகளோட மென்பொருளெல்லாம் பில்ட் ஆகாம நின்னுது. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அந்தப் பதினோரு வரி இருக்கறதே நிறைய பேருக்குத் தெரியாது. கழுகும் அப்படித்தான். கழுகு எண்ணினவரும் அப்படித்தான்.

ஆரம்பத்துல பல்லி எச்சில்னு சொன்னேனே, அது சும்மா வாய்க்கு வந்ததுன்னு நினைச்சீங்களா? ஹி ஹி. அமெரிக்கப் பாலைவனத்துல கிலா மான்ஸ்டர்னு ஒரு விஷப் பல்லி உண்டு. அதோட விஷத்துலேர்ந்து 1992ல ஜான் எங்னு ஒருத்தர் பிரிச்செடுத்த பொருளை வெச்சு 2005ல ஒரு சர்க்கரை நோய் மருந்து வந்தது. இன்னைக்கு உடம்பு குறைய ஊசி போட்டுக்கறாங்களே, அந்த வகையறாவுல முதல்ல வந்தது அதுதான். இன்னொண்ணு, 1960கள்ல தாமஸ் ப்ராக்னு ஒருத்தர் யெல்லோஸ்டோன் பூங்காவுல வெந்நீர் ஊத்துல எந்தக் கிருமி வாழுதுன்னு தேடிட்டிருந்தார். அதுல கிடைச்ச ஒரு பாக்டீரியாவோட நொதிதான் பிசிஆர் சோதனையையே சாத்தியமாக்கிச்சு. 2020ல மூக்குக்குள்ள குச்சி விட்டாங்களே, அந்தச் சோதனைக்கு அடிப்படை அதுதான்.

"அப்ப எல்லா ஆராய்ச்சியும் வைரமா?"ன்னு நீங்க கேட்கறது காதுல விழுது. கண்டிப்பா இல்லை. காசு கொடுத்தா கட்டுரை போடற பத்திரிகைகள், மூணு கட்டுரையை வெட்டி ஒட்டி நாலாவது தேத்தறவங்க, பேருக்குப் பின்னாடி பட்டம் போட்டுக்க மட்டுமே ஆய்வு பண்றவங்கன்னு எல்லாம் நம்ம ஊர்ல தாராளம். அதுல போற பணம் வீண்தான், எனக்கும் வயிறு எரியுது. ஆனா குப்பைக்கும் விசித்திரத்துக்கும் வித்தியாசம் இருக்கு. புற்றுநோய்ங்கிற பெரிய தலைப்புல குப்பையா ஒரு ஆய்வு இருக்கலாம். கழுகுக்கூடுங்கிற சின்னத் தலைப்புல நேர்மையான எண்ணிக்கை இருக்கலாம். அதனால "இது எதுக்கு உதவும்?"னு கேட்காம, "இதை ஒழுங்கா செஞ்சிருக்காங்களா?"ன்னு கேட்கணும். முதல் கேள்விக்குப் பதில் முப்பது வருஷம் கழிச்சுத்தான் வரும். ரெண்டாவது கேள்விக்கு இன்னைக்கே பதில் உண்டு.

2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணது மொத்த உற்பத்தியில 0.64 சதவீதம். இருக்கறதே கொஞ்சம். அதையும் "உடனடிப் பயன்", "முன்னுரிமைத் துறை"ன்னு நாலு இடத்துல மட்டும் கொட்டினா, மரத்தடியில நின்னு எண்ணறவருக்கு என்ன மிஞ்சும்? எல்லா நெல்லையும் குத்தித் தின்னுட்டா விதைக்கு எங்க போறது?

கழுகு கதையும் இன்னும் முடியல. 2006 தடைக்கு அப்புறம், மனுஷங்களுக்கான டைக்ளோஃபெனாக்கைப் பெரிய குப்பியில வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. 2015ல ஒரு குப்பி 3 மில்லிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டது. அதை எதிர்த்துப் போட்ட வழக்குல 2017ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும்னு சொல்லிச்சு. அடுத்து அசிக்ளோஃபெனாக்னு ஒண்ணு. அது மாட்டு உடம்புக்குள்ள போய் டைக்ளோஃபெனாக்காவே மாறிடுதுன்னு 2016லயே ஆய்வுக் கட்டுரை வந்தாச்சு. தடை வந்தது 2023ல. நடுவுல ஏழு வருஷம். பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்ங்கறதை மறந்துடாதீங்க.

நம்ம நீலகிரியில, முதுமலையை ஒட்டின மாயாறு பள்ளத்தாக்குல இன்னும் கொஞ்சம் பாறுகள் கூடு கட்டிட்டிருக்கு. 2023லேர்ந்து தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணு மாநில வனத்துறையும் ஒரே நாள்கள்ல சேர்ந்து எண்ணறாங்க. அடுத்த தடவை அந்தச் செய்தியைப் பார்த்தா, "கழுகு எண்ணறதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு யாராவது கேட்டா, 353ங்கிற எண்ணை மட்டும் சொல்லுங்க. மீதியை அவங்களே கேட்டுப்பாங்க.

பி.கு: மாடு வெச்சிருக்கற சொந்தக்காரங்க ஊர்ல இருந்தா, வலி ஊசி போடும்போது மெலாக்சிகாம் கிடைக்குமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்க. இந்தப் பதிவுக்கு "அப்ளிகேஷன் என்ன?"ன்னு கேட்கறவங்களுக்கு, இதுதான் :-)