மேஜர் மார்ட்டினும் மார்ச்சுவரியும்

நைட் ட்யூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போக பஸ்ல ஒரு மணி நேரம். தூங்கினா ஸ்டாப்பைத் தாண்டிடுவேன்னு ஆடியோபுக் கேட்க ஆரம்பிச்சேன். ரெண்டு வருஷமா பெரும்பாலும் நிஜ உளவாளிக் கதைகள்தான். அதைப் பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு குறை. சில பேர் வாசிக்கும்போது ஜெர்மன்காரனுக்கு ஒரு கரகர குரல், ரஷ்யனுக்கு இன்னொரு குரல்னு ரேடியோ நாடகமாவே ஆக்கிடுறாங்க. கற்பனைக் கதைன்னா ரசிக்கலாம். நிஜமா வாழ்ந்து செத்தவங்க கதையில எது ஆவணம், எது நடிப்புன்னு காதுக்குப் பிரியாது. அச்சுல அடிக்குறிப்பைப் புரட்டிப் பார்க்கலாம், பஸ்ல இயர்போனை மாட்டிக்கிட்டு எதைப் புரட்டுறது? கேஸ் ஷீட் படிக்கிற மாதிரி சாதாரணமாப் படிச்சாலே எனக்குப் போதும்.

த்ரில் வேணும்னா பென் மெக்கின்டயரோட 'தி ஸ்பை அண்ட் த ட்ரெய்ட்டர்'. 1985-ல ஓலெக் கோர்டியெவ்ஸ்கிங்கிற கே.ஜி.பி. அதிகாரியை பிரிட்டிஷ்காரங்க கார் டிக்கியில ஒளிச்சு பின்லாந்துக்குக் கொண்டுபோறாங்க. எல்லையில மோப்ப நாய் நெருங்குது. கூட வந்த அதிகாரியோட மனைவி அந்த டிக்கி மேலேயே கைக்குழந்தையைப் படுக்க வச்சு நாப்பி மாத்துறாங்க. அன்னிக்குத் தூங்காமலே ஸ்டாப்பைத் தாண்டிட்டேன்.

ஆனா என்னை உலுக்கினது அவரோட 'ஆபரேஷன் மின்ஸ்மீட்'.

1943. நேச நாட்டுப் படைகள் சிசிலியில இறங்கப் போறாங்க. ஜெர்மனியோட கவனத்தை கிரீஸ் பக்கம் திருப்பணும். ஒரு பிணத்துக்கு அதிகாரி யூனிஃபார்ம் மாட்டி, 'மேஜர் வில்லியம் மார்ட்டின்'னு பேர் வச்சு, பொய்க் கடிதங்கள் இருக்கிற பெட்டியோட ஸ்பெயின் கடற்கரைக்குப் பக்கத்துல நீர்மூழ்கியிலிருந்து விட்டுட்டாங்க. பாக்கெட்டுல காதல் கடிதம், கிழிச்ச நாடக டிக்கெட், கடனைக் கட்டச் சொல்லி பேங்க் எழுதின லெட்டர். ஜெர்மனி நம்பிடுச்சு.

சரி, அந்தப் பிணம் யாரு? கிளின்டுர் மைக்கேல். வேல்ஸ்காரர், 34 வயசு, வீடு வாசல் கிடையாது. எலி மருந்து உள்ளே போய் லண்டன்ல செத்தவர். பாஸ்பரஸ்.

அந்த வார்த்தை காதுல விழுந்ததும் நிறுத்திட்டேன். நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற யாரா இருந்தாலும் நிறுத்தியிருப்பாங்க. எலி பேஸ்ட். நடந்து வருவாங்க, நல்லாப் பேசுவாங்க, 'ஒண்ணுமில்ல டாக்டர், வீட்டுக்குப் போறோம்'னுவாங்க. சில நாள்ல கல்லீரல் போயிடும். (அதனால, தெரியாம வாயில பட்டிருந்தாலும், ஆள் தெம்பா இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. நாள் கடத்தாதீங்க.)

மெக்கின்டயர் நியாயமான ஆள், மைக்கேலுக்குன்னு இடம் ஒதுக்கியிருக்கார். ஆனா புத்தகத்தோட உற்சாகமெல்லாம் திட்டம் போட்ட அறிவாளிகள் பக்கம்தான். உறைஞ்சுபோன காலில பூட்ஸ் ஏறலைன்னு ஹீட்டர் வச்சு கணுக்காலை இளக்கின இடம் வருது. கேட்கிறவங்க பல பேர் சிரிப்பாங்க. மார்ச்சுவரியில நின்னவனுக்குச் சிரிப்பு வராது.

திட்டம் போட்டவங்கள்ல ஒருத்தர் யூவன் மான்டேகு. 1953-ல அவரே ஒரு புத்தகம் எழுதினார். அதுல, செத்தவருக்கு நிமோனியா, உறவினர்கிட்ட அனுமதி வாங்கினோம்னு சொன்னார். நிமோனியாங்கிறது பொய். அனுமதிக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆளோட நிஜப் பேர் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியே வரவே 1996 ஆயிடுச்சு. அதனால உளவாளியே எழுதின நினைவுகளை மட்டும் கேட்டுட்டு நிறுத்தாதீங்க. ஃபைல் வெளியான பிறகு வேற ஒருத்தர் எழுதினதையும் கேளுங்க.

'எத்தனை சிப்பாய் உயிர் பிழைச்சிருப்பான், அதைப் பாருப்பா'ன்னு கூட வேலை பார்க்கிற சீனியர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இடத்துல இருந்தா நானும் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனா போட்டுட்டு, சொந்தக்காரங்க சம்மதிச்சாங்கன்னு பத்து வருஷம் கழிச்சு எழுத மாட்டேன்.

ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல 'அடையாளம் தெரியாத ஆண், சுமார் 35 வயது'ன்னு எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். சில சமயம் ஒரு வாரம் கழிச்சு ஊர்லேர்ந்து ஒரு அம்மா போட்டோவோட வந்து நிப்பாங்க. பல பேருக்கு யாரும் வர்றதில்லை.

ஸ்பெயின்ல அந்தக் கல்லறையில பல வருஷம் கழிச்சுதான் மேஜர் மார்ட்டினோட கிளின்டுர் மைக்கேல்ங்கிற பேரையும் பொறிச்சாங்க. அந்தப் பகுதியை மூணு தடவை கேட்டேன். நீங்க கேட்கிறப்போ அங்கே மட்டும் 1.5 ஸ்பீடுல ஓட்டாதீங்க.

அடுத்து எதைக் கேட்கலாம்? தமிழ்ல நல்ல குரல்ல ஏதாவது இருந்தா கீழே சொல்லுங்க.